பக்கத்துப் பால்கனியின் சிவப்புப் புள்ளி

— பொய் சொல்லச் சொல்லல மினேகோ அக்கா. அயானே கேட்டா, "உன் புருஷன் சிகரெட்ட விட்டுட்டான்"னு மட்டும் சொல்லுங்க.

— அப்ப உன் கையில இருக்கறது என்ன, தகுமா தம்பி? புல்லாங்குழலா?

— ரெண்டு பால்கனிக்கும் நடுவுல தடுப்பு இருக்கு, என் கை எப்படித் தெரியுது?

— நாள் பூரா சலூன்ல ஆம்பளைங்க தலை அலசறவடா நான். பாதித் தலையில இதே சோளம் வறுத்த வாசனைதான்.

— இது சூடாக்கற புகையிலை அக்கா. எரியாது, சாம்பல் விழாது. சிகரெட்டுல இருக்கற விஷத்துல பத்துல ஒண்ணுதான்னு கம்பெனிக்காரனே சொல்றான்.

— விக்கிறவன் வேற எப்படிச் சொல்வான்? நிகோடின்?

— அது... அது இருக்கும்.

— உங்க ஆபீஸ் டாக்டர் என்ன சொன்னாரு?

— "குறைச்சல்னா இல்லவே இல்லன்னு ஆகிடாது. இது பரவி பத்து வருஷந்தான் ஆச்சு, புத்துநோய் அவசரப்படாம வரும்"னாரு. சிரிக்கவே தெரியாத மனுஷன்.

— சட்டைப் பையில பழைய சிகரெட் பெட்டியும் இருக்குமே?

— அது அவசரத்துக்கு. பீர் குடிக்கறப்ப மட்டும்... ச்சீ, கொசு! ஆள உயிரோட தின்னுது. உங்க பக்கம் இல்லயா?

— ஒண்ணுகூட இல்ல.

— உங்க ரத்தம் கசக்கும்.

— வாய் மட்டும் குறையல. புள்ள எப்ப வருது?

— ஞாயித்துக்கிழமை. அயானே பிரசவத்துக்கு ஒகாயாமாவுல அம்மா வீட்டுக்குப் போனவ, இப்பதான் மாமியார் அனுப்பறாங்க. போன்லதான் பாத்திருக்கேன் அக்கா. கொட்டாவி விட்டா அப்படியே எங்க மேனேஜர். ஆனா புகை பிடிக்கற கை புள்ளையத் தொடக் கூடாதாம். அயானே போட்ட சட்டம்.

— அப்ப நிறுத்தித் தொல.

— சொல்ற ஆளப் பாரு! தினம் சாயங்காலம் இந்த மங்கல் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால சிவப்பா ஒரு புள்ளி. மேல புகை சுருள் சுருளா ஏறுது. நானாவது சூடாக்கறேன். நீங்க எரிக்கிறீங்க. அதுவும் கோயில் ஊதுபத்தி மாதிரி ஒரு நாத்தம். என்ன சிகரெட்டோ!

— பழசு அலுத்துப்போச்சு.

— நீங்க விடற அன்னிக்கு நானும் விடறேன். ரெண்டையும். போதுமா?

— நிஜமாவா?

— என் மக மேல சத்தியம். உங்களால ஆகாதுங்கற தைரியந்தான்.

— சரி, அந்தக் கருவியையும் பெட்டியையும் தடுப்புக்கு அடியில இந்தப் பக்கம் தள்ளு.

— ஆசையப் பாரு! முதல்ல நீங்க அணைங்க.

— இத எதுக்குடா அணைக்கணும்? நான் சிகரெட்ட விட்டது ஏப்ரல்ல செர்ரி பூத்தப்பவே. நீ இத்தன நாளா பாக்கறது கொசுவத்தி.