சட்டைக்குள் வந்த பிள்ளை

ஹலோ... ஹலோ, சாஜிதாவா?... ஆமா, ஆமா, நாந்தான், இசக்கிசெல்வி. எடுத்துட்டியே பிள்ள. எத்தன தடவ அடிச்சேன்... சரி, சரி, வேலையா இருந்திருப்ப. அதுக்கென்ன.

எங்கனயா? தென்காசிலதான், நம்ம ஆஸ்பத்திரில. பிள்ளைக்காக ரெண்டாவது தடவ ஐயுஐ. எங்க வீட்டுக்காரரு குடுத்த சாம்பிளச் சுத்தம் பண்ணி இப்பத்தான் கர்ப்பப்பைக்குள்ள விட்டாக. கொஞ்ச நேரம் படுத்திருன்னுட்டு பெர்சிஸ் சிஸ்டர் போயிட்டா... அதே ரூம்தான். உன் கட்டில்ல யாரும் இல்லட்டி. விரிப்பு கூடக் கசங்கல.

எங்க வீட்டுக்காரரா? சாம்பிளக் குடுத்த கையோட குத்தாலத்துக்கு ஓடிட்டாக. சீசன்லா, பழக்கடைய யாரு பாப்பா... இல்ல, இல்ல, கோவம் இல்ல. போனக் காதோட ஒட்டி வையி, ஒரு கத சொல்லுதேன். கேட்டா சிரிப்ப.

போன தடவ சாம்பிள் டப்பாவ ஸ்கூட்டர் முன்னால பையில தொங்கவிட்டு, சாரல்ல நனைச்சுக் கொண்டாந்தாகல்லா... ஆமா, ஆமா, டாக்டரம்மா ஏசுனாகளே. 'உசுருள்ளதுய்யா, குளுந்தா சோந்துபோகும். உடம்புச் சூட்டுல வச்சு வெரசாக் கொண்டா, இல்ல இங்கனயே எடுத்துக் குடு'ன்னு... இங்கன குடுக்க வெக்கம். அந்த மனுசனத் தெரியும்லா.

இந்தத் தடவ சட்டைக்குள்ள வச்சு, மேல துண்டச் சுத்தி, அதுக்கு மேல ஸ்வெட்டர். வழியில போலீஸ். சீசனுக்கு பாட்டில் தேடுதாகல்லா... அதேதான். 'வயித்துல என்னய்யா புடைச்சிருக்கு, எடு வெளிய'ன்னுருக்காரு. இவுக எடுக்க மாட்டேங்காக. எடுத்தா குளுந்துருமே. பின்னால வண்டிக்காரன்லாம் ஹாரன் அடிக்கான்...

இரு, சொல்லுதேன். நீ சிரிக்காத, நானும் சிரிச்சு அசைஞ்சிருவேன். 'எம்பிள்ள சார். நேரமாச்சு, விடுங்க'ன்னுட்டாக.

ஆமாட்டி. பெத்த தாயிட்ட கூட இதப்பத்தி வாய் தொறக்காத ஆளு, நடுரோட்டுல... அந்தப் போலீஸ்காரரு தடுப்ப நவுத்தி வழி விட்டுட்டாராம்.

...சாஜி? இருக்கியா?... சிரிக்கச் சொன்னா அழுத.

வேண்டாம், நீ சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும் பிள்ள. சிஸ்டர் வாய் தவறிச் சொல்லிட்டா, போன மாசமே... ஆமா. மூணு மாசம் முடியாம வெளிய மூச்சு விடாதன்னு உங்க மாமி சொல்லியிருப்பாக. அது சரிதான... ச்சே, நீ உண்டானதுக்கு நான் வருத்தப்படுவனா? நீ போன எடுக்கலல்லா, அதுதான். போன தடவ கட்டிலுக்குக் கட்டில் கைய நீட்டிப் பிடிச்சிக்கிட்டுல்லா கெடந்தோம். இன்னிக்கும் நீட்டிட்டேன், பழக்கத்துல. கம்பிதான் பட்டுது.

...வராத. வராதட்டி, இந்த நேரத்துல அலையக்கூடாது. போன எடு, போதும். ரெண்டு வாரம் போனாத்தான் தெரியும். கரு நின்னாலும் உன்னட்ட சொல்லுவேன், நிக்காட்டாலும் உன்னட்டதான் சொல்லணும். எடுப்பியா?... ம்.

சிஸ்டர் வந்துட்டா, எந்திரிக்கணும். வைக்குதேன்... இரு. உன் வீட்டு வாசல்ல ஒரு சின்னச் செருப்பு கெடக்கட்டும். கொடி நெறைய குட்டித் துணி காயட்டும். உங்க மாமிக்கு மூணு வருசம் ராத்திரி உறக்கமே இல்லாமப் போகட்டும். எல்லாரும் நல்லாருங்க.