கூட்டினால் ஒன்பது

பொன்னாடை போர்த்தினால் எனக்குக் கழுத்து அரிக்கும். ஆனாலும் இதுவரை யாரிடமும் வேண்டாம் என்று சொன்னதில்லை. திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியின் கணிதத் துறைத் தலைவனுக்கு அரிப்பும் சம்பளத்தில் சேர்த்திதான்.

வெள்ளி விழாவுக்குக் கல்லூரி வாசலில், குப்பம் ஊர்க் கருங்கல்லில் நூறு இலக்கப் பகா எண் ஒன்றைச் செதுக்கி வைக்கத் தாளாளர் ரங்கையா ஆசைப்பட்டார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாத எண். நம் கல்லூரியைப் போல, என்று மேடையில் முழங்கலாம் பாருங்கள். கணினியில் தேடி ஒன்றைக் கொடுத்தேன். அவர் ஓரிலக்கம் ஆகும்வரை இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தார்.

"நாலு வருதே மாஸ்டாரு. நாலு நமக்கு ஆகாது. என் காரு, போனு எல்லாமே ஒன்பது. இதையும் ஒன்பது பண்ணிடுங்க."

இலக்கங்களைக் கூட்டி ஒன்பது வந்தால் அந்த எண் ஒன்பதால் வகுபடும். ஆறாம் வகுப்புப் பாடம். நான் முனைவர். நடுவிலிருந்த ஓர் இரண்டை ஏழாக்கிக் கொடுத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டேதான் மாற்றினேன். விழாவில் போர்த்தியது அசல் பட்டு.

கண்டுபிடித்தவள் கல்பனா, என் துறை விரிவுரையாளர். சத்தியவேடு பக்கம் கூலிவேலை செய்யும் முனிரத்தினத்தின் மகள். வேலைக்கு எடுத்ததே நான்தான்.

"சார், கல்லுல கீறது ஒன்பதால வகுபடுது. பசங்க சிரிச்சிக்கினு போறாங்க. கல்லு வெட்டுனவரு எங்கியோ ஒன்னை மாத்திட்டாரு போல."

"நீதான் தப்பா கூட்டியிருப்பம்மா."

பணிவான பெண். மறுபடி கூட்டினாள். வகுப்பு முடிந்ததும் தினமும் கல்லின் முன் நின்று, ஒவ்வோர் இலக்கமாகத் தொட்டுத் தொட்டு முணுமுணுத்தாள். அதை வீடியோ எடுத்து அவள் அப்பாவுக்கு அனுப்பினேன். பிறகு போன் செய்து, உங்கள் மகள் கல்லோடு பேசுகிறாள் என்றேன். வெட்கத்தோடுதான்.

"நீங்க படிச்சவங்கோ. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்று அழுதார்.

சித்தூரில் ஒரு மனநல விடுதியை நானே பார்த்துச் சேர்த்தேன். என்ன பிரமை என்று மருத்துவர் கேட்டார். எங்கள் பகா எண் ஒன்பதால் வகுபடுகிறதாம், என்றேன். அவர் கூட்டிப் பார்க்கவில்லை. என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருந்தது, போதாதா?

அது பகா எண்ணா என்று அவளிடம் வாராவாரம் கேட்பார். இல்லை என்பாள். மாத்திரை கூடும்.

நேற்று நானும் முனிரத்தினமும் போயிருந்தோம். மருத்துவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். கல்பனா என்னைப் பார்த்தாள்.

"பகா எண்தான் சார். எதாலயும் வகுபடாது."

குணமாகிவிட்டது, கூட்டிப்போகலாம் என்றார் மருத்துவர். முனிரத்தினம் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து எனக்குப் போர்த்தினார். அது அரிக்கவில்லை. வெட்கம்தான் தாளவில்லை எனக்கு. நான் பொறுக்கியெடுத்த பெண், கணிதம் படித்தவள், இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாளே என்று.