சுவருக்கு அடியில் போன வேர்

– அந்த மண்வெட்டியைக் கீழே போடுங்க, பெரியவரே. தகரச் சுவருக்கு அடியில அதோட நுனி தெரியுது எனக்கு. என் பக்கத்து மண்ணு ஒரு பிடி சரிஞ்சாலும் இந்த ரம்பத்தை வேர் மேல வெச்சிருவேன்.

– ஹியென், கேட்டுக்கோ! உன் மண்ணைத் திருட நான் வரல. என் மரத்தோட வேரைத்தான் கேக்கிறேன். கதவைத் திற.

– உங்க குட்டை ஆலமரம் உங்க முற்றத்துல, உங்க தொட்டியில இருக்கு. இந்தப் பக்கம் வந்தது எப்படி உங்க வேராகும்? வீட்டைப் பிரிச்சுத் தகரம் அடிச்ச அன்னிக்கு என்ன சொன்னீங்க? அந்தப் பக்கம் உள்ளதெல்லாம் தம்பி பாடுன்னு சொல்லல?

– வீட்டுக்குச் சொன்னேன், நிலத்துக்குச் சொன்னேன். வேருக்கா சொன்னேன்? அது பாட்டுக்குத் தொட்டி ஓட்டை வழியா இறங்கி, சுவருக்கு அடியால பூந்து, உன் கொல்லைக் குழாய்த் தண்ணி போற இடத்துல போய் உக்காந்துக்கிச்சு. நானா போகச் சொன்னேன்?

– போகச் சொல்லல. போகட்டும்னு விட்டீங்க. அடிமரம் பருக்கணும்னா ஓட்டை வழியா ஒரு வேரை மண்ணுல விட்டு வைப்பாங்கன்னு செடி வளத்தே பொழைக்கிற இந்தத் தியான்வே ஊர்ல பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஒரு வருஷத்துல வெட்டிடணும்னும் தெரியும். நீங்க பருக்குது பருக்குதுன்னு வாயைப் பொளந்துக்கிட்டு இருந்துட்டீங்க. இப்போ என் மணிக்கட்டுத் தடிமன்ல இருக்கு.

– இவ்வளவு தெரியுதில்ல? அப்போ இதையும் கேட்டுக்கோ. நாளைக் காலையில மரத்தை ஏத்திக்கிட்டுப் போகக் கண்காட்சி வண்டி வருது. சுவரோரமா வெட்டினா தொட்டியில மிஞ்சுறது வெறும் கட்டை. சாப்பாடு பூரா அந்த ஒத்தை வேர் வழியாத்தான் வருது. மேடையில வெச்ச நாலாம் நாள் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டும், ஊரே சிரிக்கும். உன் பக்கம் கொஞ்ச தூரம் தோண்டி, பொடி வேரோட எடுத்துக் கொடுத்தா சுருட்டி, ஈரப் பாசியில கட்டித் தொட்டிக்குள்ள அடக்கிடுவேன். அரை மணி நேர வேலை.

– நானும் அரை மணி நேர வேலைதான் கேட்டேன். ஒரு வருஷமாக் கேக்கிறேன்.

– அந்தப் பேச்சை எடுக்காதே.

– எடுப்பேன். எடுக்காம என்ன? உங்க தம்பி தவறிப்போய் முதல் வருஷம் முடிஞ்சதுமே நாள் பாத்திருக்கணும். அவர் பேருக்கு வெச்ச ஊதுபத்திச் சட்டியில இருந்து ஒரு சிட்டிகை சாம்பல் எடுத்து, உங்க நடுவீட்டுல இருக்கிற முன்னோர் சட்டியில போட்டு, முன்னோர் பேர்ப் பலகையில அவர் பேரை எழுதியிருக்கணும். ஒரு சிட்டிகை சாம்பல்! ஊர்ல குடிச்சுச் சீரழிஞ்சவனுக்கும் செய்றாங்க. என் புருஷன் மட்டும் போய் ரெண்டு வருஷமாகியும் என் அடுப்படி அலமாரி மேல தனியாக் கிடக்கிறார். அப்பாவோடயும் சேரல, தாத்தாவோடயும் சேரல. பேய் நிலா மாசத்துல ஊரே நாதியில்லாத ஆவிக்குச் சோறு வைக்கிறப்போ, இவருக்கு எங்கே வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல, பெரியவரே.

– நான் சத்தியம் பண்ணினவன். அப்பா பலகைக்கு முன்னால ஊதுபத்தியைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்ன வார்த்தை. தம்பி சிங்ஹே இனிமே என் வாசப்படி தாண்டமாட்டான், உசுரோடயும் சரி, செத்தும் சரின்னு. அவன் என்ன செஞ்சான் தெரியுமில்ல? உனக்காக, எங்கிருந்தோ வந்த ஒருத்திக்காக, கூடப் பொறந்த அண்ணன் மூஞ்சியில தேத்தண்ணிக் கோப்பையை வீசினான்.

– வீசறதுக்கு முன்னால நீங்க என்ன சொன்னீங்க? அதையும் சொல்லுங்க, தெருவுல காது நீட்டிக்கிட்டு இருக்காங்க, கேக்கட்டும். என்னைத் தரகன்கிட்ட வாங்கின வியட்நாம் சரக்குன்னு சொன்னீங்க. எந்தத் தரகன்? நான் ரெண்டு தெரு தள்ளி ரோஜாத் தோட்டத்துல முள்ளு பொறுக்கிக்கிட்டு இருந்தேன். அவரா வந்தார், அவரா கேட்டார்.

– ஏங்க, கொஞ்சம் மெதுவாத்தான் கத்துங்களேன். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணி ஊத்துற மாதிரி குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார், ஒரு சொட்டு வரல. நான் ஒண்ணும் சொல்லலப்பா.

– யூலான், நீ உள்ளே போ.

– போறேன். உங்க பொண்டாட்டின்னு பேரு, ஒரு வார்த்தை பேச உரிமை இல்ல. ஹியென், நீயாவது விட்டுக்கொடும்மா. இந்த மரம்னா இவருக்கு உசுரு. ராத்திரி எழுந்து போய் அதைத் தடவிக் கொடுத்துட்டு வந்து படுக்கிற மனுஷன். எனக்குக் காய்ச்சல்னா ஒரு மாத்திரை எடுத்துத் தரமாட்டார்.

– அக்கா, நீங்க நேர்மையாச் சொல்லுங்க. அந்த ஆலமரம் யார் வாங்கினது?

– எனக்கெதுக்கு வம்பு?

– சொல்லுங்கக்கா.

– கொழுந்தன்தான் வாங்கினார். ஏங்க, முறைக்காதீங்க, நடந்ததுதானே? மூடப்போற நர்சரியில குப்பை மாதிரி குவிச்சுப் போட்டிருந்தாங்க. வரவேற்பறை மூலையில வைக்கிற சாதா ஆல். யாரும் வாங்காம தொட்டிக்குள்ளயே கிடந்து கிடந்து மண்ணே இல்ல, பூரா வேர். பிளாஸ்டிக்கைக் கிழிச்சு எடுத்தா வேரே தொட்டி மாதிரி நின்னுச்சு. ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்கு ரெண்டு. இவர் பாத்துட்டு, அடுப்புக்குத்தான் ஆகும்னார்.

– சொன்னேன், சொன்னதுல என்ன தப்பு? அவன் வாங்கினான், வாங்கிட்டுப் பல்லை இளிச்சுக்கிட்டு நின்னான். வேலை பாத்தது யாரு? வேர்க்கட்டியில பாதியை ரம்பம் போட்டு எடுத்தது யாரு? கழுத்தைச் சுத்தி நெரிச்சுக்கிட்டு இருந்த வேரையெல்லாம் உளி வெச்சு ஒண்ணொண்ணாப் பிரிச்சது யாரு? ஆள் உசரம் இருந்ததை முழங்கால் உசரத்துக்குக் குறைச்சு, கம்பி சுத்தி, கம்பி பட்டையில பதியறதுக்குள்ள அவுத்து, இலை இலையாக் கிள்ளி... என் சட்டைங்கள்ல மரப்பால் கறை இல்லாத சட்டை ஒண்ணு காட்டு! நாலு பக்கமும் விரிஞ்சு நிக்குதே அந்த வேர்ப்பாதம், இந்த மாவட்டத்துல ஒருத்தன் மரத்துக்கு அது கிடையாது.

– மூணு பக்கம்தான் விரிஞ்சுது.

– என்னது?

– மூணு பக்கம். முன்பக்கம் மொட்டையா இருந்துச்சு. கூட வாங்கின ரெண்டாவது செடியில இருந்து வேரை எடுத்து அங்கே ஒட்டுப் போட்டது உங்க தம்பி. துணி சுத்தி, அசையாமக் கட்டி, மழைக்காலம் முழுக்கக் குடை பிடிச்சார் அதுக்கு. இன்னிக்கு ஒட்டின இடம் எதுன்னு நடுவருங்களாலயே கண்டுபிடிக்க முடியாது. வேத்துச் செடியோட வேரை அந்த மரமே சேத்துக்கிச்சு. உங்களுக்குத்தான் மனசு வரல.

– வந்துட்டா பேச! இந்த ரெண்டு வருஷமா இலை எண்ணெய் தடவின மாதிரி மின்னுதே, என்ன உரம் போடுறீங்கன்னு ஆளாளுக்கு வந்து கேக்கிறானே, அதுவும் தம்பி வேலையா? அவன் போனப்புறம் வந்த மினுக்கு அது. என் கை, என் சோயாப் பிண்ணாக்கு.

– அப்படியா, சரி. அந்த இலையைப் பத்தி நானும் ஒண்ணு கேக்கிறேன். உங்க தம்பி சாவுக்கு வந்தீங்களே. வாசலோட நின்னீங்க, உள்ளே வரல. தீட்டு ஒட்டக்கூடாதுன்னு சட்டைப்பையில ஆல இலை சொருகிக்கிட்டு வந்தீங்க. எல்லாரும்தான் வைக்கிறாங்க, அதுல குத்தம் இல்ல. ஆனா எந்த மரத்துல பறிச்சீங்க?

– இலைதானே? எந்த மரமா இருந்தா என்ன?

– அவர் வாங்கின மரத்து இலையைப் பறிச்சு, அவரே அண்டக்கூடாதுன்னு பையில வெச்சுக்கிட்டு வந்தீங்க. நான் பாத்தேன். சவப்பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, அந்த இலை நுனியையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

– பக்கத்துல இருந்தது அதுதான். கையில வந்ததைப் பறிச்சேன். அதுக்கு இப்போ என்னங்கிறே? என்னை மட்டும் குத்தவாளிக் கூண்டுல ஏத்தாதே. நீ என்ன பெரிய முறை தெரிஞ்சவளா? தினமும் காலையும் சாயங்காலமும் பத்தி கொளுத்தறே, வாடை இங்கே வரைக்கும் வருது. சட்டி ரொம்பி வழியுமே. அப்பப்போ சலிச்சு அள்ளணுமே. அள்ளின சாம்பல் எங்கே? பாட்டுப் போட்டுக்கிட்டு வர்ற குப்பை வண்டியில கொட்டினியா?

– ஏங்க, அப்படியெல்லாம் கேக்காதீங்க.

– கேப்பேன். அவ ஊர் முறை எனக்குத் தெரியாது. என் தம்பி சாம்பல் கோழி எலும்போடயும் முட்டை ஓட்டோடயும் போச்சான்னு நான் தெரிஞ்சுக்கணும்.

– ஓ, இப்போ மட்டும் உங்க தம்பியா?

– எங்கே கொட்டினேன்னு கேட்டேன்.

– சுத்தமான இடத்துல. கால் படாத இடத்துல. அதுக்கு மேல உங்களுக்குச் சொல்லணும்னு எனக்குத் தலையெழுத்து இல்ல. கடைசியாச் சொல்றேன், பெரியவரே. பஞ்சாங்கத்தை எடுங்க, நாள் பாருங்க. என் கையில சட்டியைத் தூக்கிக்கிட்டு உங்க வாசப்படி தாண்டி வந்து, என் புருஷனை அவங்கப்பா பக்கத்துல வைக்கணும். அதுக்கு ஒத்துக்கிட்டா இப்பவே கதவு திறக்கும். நானே குனிஞ்சு பொடி வேர் அறாமத் தோண்டித் தர்றேன்.

– மிரட்டறியா?

– ஆமா. உங்ககிட்டக் கெஞ்சிப் பாத்தாச்சு. அழுது பாத்தாச்சு. பழமும் கேக்கும் வாங்கிட்டு வந்து வாசல்ல நின்னப்போ நாயை அவுத்து விட்டீங்க.

– அது தானா அவுந்துக்கிச்சு.

– இல்லீங்க. நீங்கதான் அவுத்தீங்க. நான் ஒண்ணும் சொல்லலப்பா.

– எல்லாரும் சேந்துக்கிட்டீங்களா? நல்லது! ரொம்ப நல்லது! கேட்டுக்கோ ரெண்டு பேரும். எனக்குக் கண்காட்சியும் வேணாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேணாம். இலை கொட்டினா கொட்டட்டும், மரம் பட்டா பட்டுப்போகட்டும். ஒரு பொம்பளை ரம்பத்தைக் காட்டினாளேன்னு நான் அப்பா முன்னால பண்ணின சத்தியத்தை விடமாட்டேன். அவன் வரமாட்டான். என் வாசலுக்குள்ள அவன் வரவே மாட்டான்! சுவரோரமா நானே வெட்டறேன். யூலான், என் ரம்பத்தை எடுத்துட்டு வா.

– அது சாணை பிடிக்கப் போயிருக்கு.

– நேத்து இங்கே தொங்கிக்கிட்டு இருந்துச்சு!

– இன்னிக்குப் போயிருக்கு. என் கையால எடுத்துத் தரமாட்டேன், போங்க. எவ்வளவு ஆசையா வளத்தீங்க. கோவத்துல வெட்டிட்டு அப்புறம் நடுராத்திரியில யாரைத் தடவப் போறீங்க?

– அக்கா, விடுங்க. பெரியவரே, இந்தாங்க. தகரத்துக்கு அடியால தள்ளுறேன். என்னோட ரம்பம். புதுசு, பல்லு நல்லா இருக்கு.

– எடுக்கமாட்டேன்னு நினைக்கிறியா?

– நினைக்கல. எடுங்க.

– எடுத்துட்டேன். பாத்துக்கோ. பாத்துக்கோ நல்லா.

– ஐயோ, வேர்ல வெச்சுட்டாரே... என்னங்க, பால் வருது பாருங்க! இவ்வளவு பால் வருதே. நிறுத்துங்களேன்.

– தள்ளி நில்லு.

– நிறுத்தச் சொல்லாதீங்கக்கா, வெட்டட்டும். ஆனா சாம்பல் எங்கேன்னு கேட்டீங்களே, பெரியவரே, அதை மட்டும் சொல்லிடறேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சட்டியைச் சலிப்பேன். வாசப்படி தாண்டக் கூடாதுன்னுதானே உங்க சத்தியம்? அதனால நான் வாசப்படிப் பக்கமே போகல. ஒவ்வொரு பிடியையும் இந்த வேரோட நுனியிலதான் புதைச்சேன், கூடக் கொஞ்சம் அரிசி கழுவின தண்ணி. இந்த ரெண்டு வருஷத்து மினுக்கு உங்க பிண்ணாக்கு இல்ல. உங்க தம்பி சுவருக்கு அடியால தினம் தினம் உங்க முற்றத்துக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்கார், நீங்களும் ராத்திரி ராத்திரி எழுந்து வந்து அவரைத்தான் தடவிக் கொடுத்துக்கிட்டு இருக்கீங்க. இப்போ வெட்டுங்க.