நாலாங் கட்டை

எனக்குச் சீனி வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. வெறுந் தேத்தண்ணி காணும். பனங்கட்டி கிடந்தால் ஒரு துண்டு தாங்கோ, இல்லாட்டிலும் பறவாயில்லை. நீங்கள் ஆறுதலாய் எழுதுங்கோ. நான் அவசரப்பட்டுக் கதைக்கிற ஆளில்லை.

பேர் வீரகத்தி. வயது நாப்பத்தெட்டு. உருத்திரபுரத்தில குடியேற்றக் காணி. சண்டைக் காலத்தில வெள்ளைக்காரனுக்கு லொறி ஓடினனான். பேந்து காணி அளக்கிற கந்தோரில ஜீப். நாலு சில்லும் இழுக்கிற ஜீப். பதினொரு வருசம் ஓடியிருக்கிறன், ஒருநாளும் மணலில புதைச்சதில்லை.

மணலில ஓடுறது பெரிய வித்தையில்லை. ரயரில பாதிக் காத்தை இறக்கிவிட்டால் சில்லு பரந்து மணலுக்கு மேல நிக்கும். மணல் திட்டியில நேர ஏறவேணும், நேர இறங்கவேணும். குறுக்க ஓடினால் கீழ்ப்பக்கச் சில்லுகள் புதைஞ்சு வண்டி சரிஞ்சுபோம். ஒருக்காப் பாத்தால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். கதிர்காமநாதன் ஐயாவுக்குத்தான் விளங்கேல்லை.

செத்த ஆளைக் குறை சொல்லுறன் எண்டு நினையாதேங்கோ, இருந்ததைச் சொல்லுறன். காணி அளக்கிற எங்கட சேவையர் அவர். முப்பது வயதும் இல்லை. கொழும்பில படிச்சவர், கொழும்புத் தார் றோட்டில ஓடப் பழகினவர். கடற்கரைக்கு மினுக்கின சப்பாத்தோட வருவார். பின்னேரத்தில அதைக் கழட்டி மணலைக் கொட்டிப்போட்டு, ஆரோ களவாய்ப் போட்டுவிட்ட மாதிரி என்னைப் பாப்பார். நான் காத்து இறக்கக் குனிஞ்சால், "அரசாங்கத்து ரயரைப் பழுதாக்காதையும்" எண்டுவார். அவற்றை அப்பன் வீட்டு ரயர் பாருங்கோ.

முல்லைத்தீவில இருந்து அளம்பில் பக்கமாய்க் கரையோரத்துக்கு ஒரு றோட்டு வரப்போகுதெண்டு அளந்துகொண்டு போனனாங்கள். அவர் அளக்கிற கண்ணாடிக்குள்ளால பாத்துக் கையைக் காட்டுவார், நான் அந்த இடத்தில கட்டை அடிப்பன். பாலைமரக் கட்டை, சிவப்பு மையால நம்பர் போட்டது. ஒண்டாங் கட்டை, ரெண்டாங் கட்டை எண்டுதான் நாங்கள் ரெண்டு பேரும் இடத்தைச் சொல்லுறது. நாலாங் கட்டை பெரிய திட்டியின்ரை உச்சியில நிக்குது. இதை வடிவாய் எழுதுங்கோ.

வெள்ளிக்கிழமை கரைவலை இழுக்கிற சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிக்க, "வீரகத்தி, நீர் இறங்கும், நான் ஓடுறன்" எண்டார். இறங்கினன். ஒரு கூப்பிடு தூரம் போகேல்லை, அச்சுமட்டும் புதைச்சுப்போட்டார். நான்தான் தோண்டி எடுத்தனான். எடுத்துப்போட்டு நிமிர, அந்தாள் சனத்தைப் பாத்துச் சொல்லுது: "எங்கட வீரகத்தி காத்தை இறக்கி இறக்கி ரயரையெல்லாம் கெடுத்துப்போட்டார்." சனம் சிரிச்சுது. பிறகு எனக்குச் சொன்னார், "திங்கக்கிழமையில இருந்து நான்தான் ஓடுவன். நீர் கட்டை சுமவும். மேலிடத்துக்குக் கடுதாசி எழுதியாச்சு." எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. அதை நான் ஒளிக்கேல்லை.

அடுத்தநாள் சனி. சனிக்கிழமையெண்டால் மத்தியானத்தோட முள்ளியவளைக்கு வீட்டை போயிடுவார், கலியாணம் முடிச்சு எட்டு மாதந்தானே. காலமையே ரயருக்கு நிறையக் காத்தடிக்கச் சொன்னார். அடிச்சன். நாலாங் கட்டையில வேலை முடியத் திங்கக்கிழமைமட்டும் பொறுக்காமல் தானே ஓட ஏறினார். சுத்திப்போகப் பஞ்சிப்பட்டு, "திட்டிக்குக் குறுக்கால விட்டால் கெதியாய்ப் போகலாமெல்லோ?" எண்டார்.

"ஐயாவுக்குத் தெரியாததோ" எண்டன். "நான் இறங்கி நடந்து வாறன், பாரம் குறையும்."

பத்து யார் போயிருக்கும். வண்டி ஆறுதலாய்ச் சரிஞ்சுது, மாடு படுக்கிற மாதிரி. அவர் வெளியில பாய்ஞ்சவர், ஆனால் ஒரு கால் கதவுக்குக் கீழ அம்பிட்டுப்போச்சு.

எலும்பு முறிஞ்சிருக்காது. கீழ மணல்தானே. "தோண்டும் வீரகத்தி, தோண்டும்" எண்டார். மண்வெட்டியும் கிடந்தது. அரை மணித்தியால வேலை. நான் யோசிச்சுப்போட்டு, "தோண்டினால் வண்டி உங்களுக்கு மேல உருளும் ஐயா. அசையாமல் படுங்கோ, ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்" எண்டன். உருளவும் கூடும்தானே. தண்ணிப் போத்தல் ஒண்டுதான் இருந்தது. வெயிலுக்க ஆறு மைல் நடக்கிறவனுக்கு அது வேணும், நிழலில படுத்திருக்கிறவருக்கு என்னத்துக்கு? எடுத்துக்கொண்டு வந்தன்.

வழியில வலைக்காரர் தங்குற வாடி இருக்கெண்டு எனக்குத் தெரியும். முதல்நாள் சிரிச்ச சனம். அதுகளிட்டைப் போய்க் கெஞ்ச நான் என்ன பிச்சைக்காரனோ.

முல்லைத்தீவில மஹ்றூப் நானாவிட்டைப் போனன். உழவு மெசின் வைச்சிருக்கிறவர், நல்ல மனுசன். வண்டி பிரண்டு ஐயா அம்பிட்டுக் கிடக்கிறார் எண்டு சொல்ல, சோத்துக் கையோட எழும்பினார்.

"எவடத்தில அண்ணை?"

"நாலாங் கட்டையில."

"வீட்டை போற வழியிலயோ?"

"வீட்டை போற அவசரத்திலதான் ஓடினவர்" எண்டன்.

எங்கட சனம் மைலுக்கும் கட்டையெண்டுதான் சொல்லும், உங்களுக்குத் தெரியாததில்லை. கட்டை எண்டு வாயெடுத்தால் அதுகளுக்கு மைல்கல்லும் றோட்டுந்தான். நானா ஏழெட்டுப் பேரை ஏத்திக்கொண்டு முள்ளியவளை றோட்டில பறந்தார். நான் போகேல்லை. காலெல்லாம் கொப்பளம்.

பொழுதுபடத் திரும்பி வந்து, "அங்க ஒண்டுமில்லையே அண்ணை, நாலாங் கட்டைதானோ?" எண்டு கேட்டார். "நாலாங் கட்டைதான்" எண்டன். பேந்தும் ஓடினவை. வயலுக்கயும் வாய்க்காலுக்கயும் தேடினவை, மற்ற றோட்டின்ரை நாலாங் கட்டைக்கும் போய் வந்தவை. அந்தக் கூட்டத்தில ஒரு வாத்தியாரும் இருந்தவர், ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுற ஆள். ஒரு தலையாவது கடற்கரைப் பக்கம் திரும்பவேணுமே. கான்ஸ்டபிள் ஒருத்தரும் வந்து கேட்டு, நாலாங் கட்டை எண்டு கொப்பியில எழுதினவர். எடுத்துப் பாருங்கோ, எழுத்துக்கூடப் பிழையில்லை.

நான் அண்டைக்கு நல்லாய் நித்திரை கொண்டனான்.

ஞாயிறு காலமை அவற்றை மனுசி சிவனேஸ்வரி முதல் பஸ்ஸில வந்து இறங்கினா. தலைகூட வாரி இழுக்கேல்லை. ஆக்கள் ஆறுதல் சொல்ல வர, ஒருத்தரையும் பாக்காமல் எனக்கு முன்னால வந்து நிண்டா. அந்தாள் வீட்டில போய் கட்டை அடிக்கிற வேலையைப் பற்றிக் கதைச்சிருக்கு.

"வீரகத்தி அண்ணை, எந்தக் கட்டை? நீங்கள் அடிச்ச கட்டையோ?"

"ஓம் பிள்ளை" எண்டன்.

அவா கத்தேல்லை. என்னை ஒருக்காப் பாத்தா. பிறகு மஹ்றூப் நானாவின்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு மெசினுக்கு ஓடினா. நானும் ஏறினன், இடம் காட்ட ஆள் வேணுமெல்லோ.

சோளகக் காத்துக்கு ஒரு குணம் இருக்கு, ஐயா. மறைப்பு எங்க கிடக்கோ அதுக்குப் பின்னால மணலைக் கொண்டுவந்து குவிக்கும். ஜீப் நல்ல மறைப்பு. நாங்கள் போகேக்க அவற்றை முகமும் ஒரு கையுந்தான் வெளியில தெரிஞ்சுது. வாய் நிறைய மணல். விரல் நகமெல்லாம் பிஞ்சு கிடந்தது, தன்ரை காலைத் தானே தோண்டியிருக்கிறார். தோண்டத் தோண்டக் காத்து மூடியிருக்கும். உடம்பில இன்னும் சூடு இருந்தது. உயிர் போய் ரெண்டு மணித்தியாலமும் இராது எண்டு பிறகு வந்து பாத்த டொக்டர் சொன்னவர். அப்பதான் அந்தப் பிள்ளை கத்தினது.

அவா இப்ப என்னைக் கொலைகாரன் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறாவாம். பாவம், அவாவில எனக்குக் கோவமில்லை. அத்தினை சனத்துக்குள்ள ஒழுங்காய்க் கேள்வி கேக்கத் தெரிஞ்சது அவா ஒராள்தான். அதைச் சனிக்கிழமை ஆரும் கேட்டிருந்தால், சனிக்கிழமையே ஓம் எண்டிருப்பன். கேக்கத் தெரியாத கூட்டத்துக்கு நான் என்ன செய்யிறது? நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை.

நீங்களும் காலமை தொடக்கம் ரயரையும் காத்தையும் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறியள். அந்தாள் அதிலயே கிடந்து சாகட்டும் எண்டு நினைச்சனானோ எண்டு இன்னும் கேக்கேல்லை. கேளுங்கோ ஐயா. ஓம் எண்டுதான் சொல்லுவன்.