பிள்ளையார் மறித்த கார்

டர்போ உள்ள காரை ஓடிவந்து நிறுத்தியதும் திறப்பைத் திருகி அணைத்துவிடக் கூடாது. கொஞ்ச நேரம் சும்மா உறுமவிட வேண்டும். உள்ளே சுழல்கிற சின்னச் சக்கரம் சிவக்கச் சூடேறியிருக்கும். எண்ணெய் ஓடி அதைக் குளிரப்பண்ணும்வரை பொறுத்திருப்பதுதான் நல்லது. என்னை ஆத்திரக்காரன் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன். நான் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவனல்ல. கீழே சொல்லப்போகிற காரியத்தையும் ஆறுதலாகத்தான் செய்தேன்.

கிளிநொச்சியில், குளத்து வாய்க்கால் பாய்கிற குடியேற்றத் திட்டத்தில் எனக்கு வயல் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு போகம் நன்றாக விளைந்தால் ஆட்கள் உழவு மிசின் வாங்குவார்கள். நான் வவுனியாவுக்குப் போய் இரண்டு கதவு ஜப்பான் கார் ஒன்று வாங்கிவந்தேன். என் மகள் லக்சிகாவைவிட இரண்டொரு வயது மூத்த கார். அங்கே நெளுக்குளத்தில் ஒரு வளவுக்குள் நின்றது. கோழிகள் உள்ளே முட்டையிட்டிருந்தன. அதனால் என்னைப்போல ஒரு விவசாயிக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்தது.

என் மனைவி ராஜினி காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்.

“இதில நெல்லு மூட்டை ஏத்தலாமோ?”

“ஒண்டு ஏத்தலாம். முன்சீற்றில இருத்தி, பெல்ற் போட்டால்.”

அதன்பிறகு அவள் காரைப் பற்றிக் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நெளுக்குளத்தில் கராஜ் வைத்திருக்கும் ஆண்டியப்பனும் நானும் சேர்ந்து அந்தக் காரை ஆளாக்கினோம். காற்றைக் குளிரவைக்கும் பெட்டியைப் பெரிதாக்கினோம். புகைக்குழாயை அகலமாக்கினோம். பெற்றோல் மிதியிலிருந்து காலை எடுத்ததும் ‘உஸ்ஸ்’ என்று காற்றைத் துப்புகிற வால்வு ஒன்று பூட்டினோம். அதைக் கேட்டு மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது உண்மை. அது மாடுகளின் பக்கத்துக் குறை. காரின் உயரத்தைக் குறைத்தோம். வாய்க்கால் மதகில் அடிவயிறு உரசியதும் திரும்ப உயர்த்தினோம்.

கடைசியாகக் கள்ளருக்கென்று ஒரு வேலை செய்தோம். ஸ்டியரிங்குக்குக் கீழே, இடது முழங்கால் படுகிற இடத்தில் ஒரு பொத்தான். ஒருமுறை தட்டினால் எஞ்சினுக்குப் பெற்றோல் போகாது. ஸ்டார்ட்டர் சுழலும், எஞ்சின் பிடிக்காது. இன்னொருமுறை தட்டினால் ஒன்றுமே நடக்காததுபோலப் பிடிக்கும். எங்கள் இருவருக்கும் மட்டும்தான் அது தெரியும். கள்ளர் எந்த உடுப்பில் வருவார் என்று மட்டும் அப்போது தெரிந்திருக்கவில்லை.

வெள்ளை வேட்டி, தங்கநிற மூக்குக்கண்ணாடியில் வந்தார். கனகலிங்கம், ஓய்வுபெற்ற அதிபர், சமாதான நீதவான். சீதன ஒழிப்பைப் பற்றி மேடைகளில் பேசுகிறவர். பொன்னாடை வழுக்கி விழாத தோள். அவரின் மகன் நிருஷனும் என் மகளும் ஒரே கந்தோரில் வேலை. இரண்டு பேரும் விரும்பியதைப் பெரியவர்கள் பேசி முடித்துவைப்பதாக ஏற்பாடு.

“சீதனம் எண்ட சொல்லே எங்கட வீட்டில இல்லை,” என்றார், கதிரையில் இருந்ததும். “பிள்ளையை அனுப்புங்கோ, காணும்.”

தேத்தண்ணியைக் குடித்தார். முற்றத்தில் இறங்கிக் காரை ஒருமுறை சுற்றிவந்தார். மாடு வாங்க வந்தவர் பல்லைப் பார்க்கிற மாதிரி முன்பக்கம் குனிந்து பார்த்தார்.

“இது இஞ்ச சும்மாதானே நிக்குது, சம்பந்தி? நிருஷனும் மோட்டச்சைக்கிளில வெயிலுக்குள்ள அலையிறான். பிள்ளையள் ரெண்டும் உங்களை வந்து பாத்திட்டுப் போகவும் ஒரு வசதிதானே.”

“அதுக்கென்ன, குடுத்தாப் போச்சு,” என்றாள் ராஜினி, நான் வாய் திறக்க முன்.

நான் சிரித்தேன். குசினி வாசலில் நின்ற லக்சிகாவும் சிரித்தாள். அவளை அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஒரு தகப்பனாக நான் யோசிக்க வேண்டியிருந்தது. சீதனம் கேட்கிறவனோடு பேரம் பேசலாம். சீதனம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே முற்றத்தில் இறங்குகிறவனை என்ன செய்வது? இப்படியான வீட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்பலாமா? எனக்கு முன்னால் நின்றது அவளின் எதிர்காலம் மட்டுமே. காரைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை. அடுத்தநாள் காருக்கு ஒரு புது உறை வாங்கியது தூசிக்காக.

கனகலிங்கம் வாழ்நாள் முழுக்க விஞ்ஞானம் படிப்பித்தவர். ஆனால் வெளிக்கிடும்போது பல்லி சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போய் இருப்பார். கேட்டால், மூச்சு வாங்குகிறது என்பார். மனிதரின் இந்த இடத்தை நான் கவனித்து வைத்திருந்தேன்.

கலியாணத்துக்கு நாள் வைக்க மாங்குளத்தில் ஒரு சாத்திரியாரிடம் போவதாக இருந்தது. என் காரில்தான் போக வேண்டும் என்றார் கனகலிங்கம். அதற்குள் உரிமை வந்துவிட்டது. அவர் முன்னால் ஏறினார். அவரின் மனைவி கமலேஸ்வரி பின்னால் நாலாக மடிந்து இருந்தார். பின்னுக்கு இருக்கை உண்டு என்று ஜப்பான்காரன் சொல்கிறான். அவன் அதில் இருந்து பார்க்கவில்லை.

ஏ-ஒன்பது வீதியில் போகிற வாகனம் முறிகண்டிப் பிள்ளையாரை நிற்காமல் தாண்டாது. பஸ் நிற்கும், லொறி நிற்கும். இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். நாங்களும் அப்படியே செய்தோம்.

“பிள்ளையாரைக் கும்பிட்டாச்சு,” என்றார் கனகலிங்கம், பெல்ற்றைப் பூட்டியபடி. “இனிப் போய் நாள் வைக்கிறதுதான்.”

நான் முழங்காலைச் சற்று அசைத்தேன். திறப்பைத் திருகினேன். ஸ்டார்ட்டர் சுழன்றது, சுழன்றது, எஞ்சின் பிடிக்கவில்லை.

பின்னால் கச்சான் உடைக்கிற சத்தம் நின்றது.

“பற்றறியாயிருக்கும்,” என்றார் அவர்.

“பற்றறி எண்டால் சுத்தாதே, சம்பந்தி,” என்றேன். நான் பொய் பேசுகிறவனல்ல.

“அப்ப, பிள்ளையார் மறிக்கிறாரோ?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“சும்மா இரும் கமலேஸ்வரி. இந்தக் காலத்தில கதைக்கிற கதையே?” அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எதுக்கும் இண்டைக்கு வீட்ட போவம்,” என்றார்.

வீட்ட என்றதும் கார் பிடித்தது. நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இதைத் தயவுசெய்து கவனியுங்கள். பிள்ளையார் என்ற பேச்சை எடுத்தது நானல்ல.

கலியாண நாளைச் சாத்திரியார் வட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். அடுத்தது யாழ்ப்பாணத்தில் கூறைச்சேலை எடுக்கிற பயணம். கடையிலிருந்து வந்து கூறைப் பார்சலை மடியில் வைத்ததும் கார் மறுத்தது. கமலேஸ்வரி பார்சலோடு இறங்கினார். கார் பிடித்தது. ஏறினார், நின்றது. நடுத்தெருவில் கனகலிங்கத்துக்குள் இருந்த விஞ்ஞான வாத்தியார் எழும்பிவிட்டார்.

“பொறுங்கோ. இப்ப பார்சல் இல்லாமல் நீர் மட்டும் ஏறும்.”

கார் பிடித்தது.

“இப்ப நீர் இறங்கும். பார்சல் மட்டும் சீற்றில இருக்கட்டும்.”

பிடிக்கவில்லை.

“இப்ப பார்சலுக்குள்ள இருக்கிற சேலையை எடுத்துப்போட்டு, வெறும் பையை வையும்.”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறிப்போனேன். வெறும் பைக்குப் பிடிக்க வேண்டுமா, கூடாதா? பிடிக்கட்டும் என்று விட்டேன். அது மிகவும் நல்ல முடிவு. கனகலிங்கத்தின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. சேலையும் கமலேஸ்வரியும் பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்தார்கள்.

கார் வேண்டாம் என்று அவர் இதற்குப் பிறகும் சொல்லவில்லை. இயந்திரத்தில் குறையில்லை, மறிப்பு கலியாணத்தில்தான் என்பது அவரின் ஆய்வு முடிவு. “பிள்ளையின்ர சாதகத்திலதான் ஏதோ கிடக்கு,” என்று கமலேஸ்வரி எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து, லக்சிகாவுக்குக் கேட்கும்படியே சொன்னார். அதை நான் மறுத்திருக்கலாம். அந்த நேரம் நான் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கனகலிங்கம் ஒரு தீர்ப்புச் சொன்னார். தாலிக்கான பொன்னுருக்குக்கு வாங்கிய தங்க நாணயத்தை வெற்றிலையில் வைத்து, முறிகண்டியில் எல்லோருக்கும் முன்னால் காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது. பிடித்தால் கலியாணம். பிடிக்காவிட்டால் இல்லை.

“இது மூடநம்பிக்கையில்லை, சம்பந்தி. மூண்டு தரமும் ஒரே முடிவு வந்தால் விஞ்ஞானத்தில அதை விதி எண்டுறது.”

அந்த நாளுக்கு முன்னர் ஒரு பின்னேரம் நிருஷன் தனியே மோட்டார்சைக்கிளில் வந்தான்.

“மாமா, கார் எனக்கு வேண்டாம். அப்பா அதைக் கேட்டதே எனக்கு வெக்கம். அவரிட்டச் சொல்லிப்போட்டன். லக்சிகா வந்தால் காணும். நீங்கள் அண்டைக்கு மட்டும் அது பிடிக்கிற மாதிரி ஆரும் கராஜ்காரரிட்டக் காட்டிப்போடுங்கோ.”

“ஓம், காட்டுவம்,” என்றேன்.

மனமாரத்தான் சொன்னேன். சீதனம் கேட்டதற்காகக் குழப்பினவன், சீதனம் இல்லையென்றால் ஏன் குழப்ப வேண்டும்? அந்தப் பொத்தானைக் கழற்றிவிடுவதென்றே தீர்மானித்திருந்தேன். பொடியன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நேரே போயிருந்தால் இன்றைக்கு எனக்கொரு பேரப்பிள்ளை இருந்திருக்கும். அவன் காருக்குப் பக்கத்தில் போய் பொனெற்றில் இரண்டு தட்டுத் தட்டினான்.

“குறை நினையாதேங்கோ மாமா. நீங்களும் இதை இரும்பு விலைக்கெண்டாலும் குடுத்திட்டு ஒரு வான் எடுங்கோவன். இந்தப் புகைக்குழாய்ச் சத்தத்தில நாளைக்குச் சின்னப்பிள்ளையள் நித்திரை கொள்ளாதுகள்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். வடிவான பொடியன். நல்ல பல்வரிசை.

காரைக் கேட்டவரின் வீட்டுக்கு மகளைக் கொடுக்க முடியாது. காரை வேண்டாம் என்கிறவனுக்கு எப்படிக் கொடுப்பது? நீங்கள் யோசித்துப் பாருங்கள். நான் நன்றாக யோசித்தேன்.

முறிகண்டியில் அன்று கச்சான் விற்கிற பெண்களும் கடையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். கனகலிங்கம் வெற்றிலையையும் நாணயத்தையும் முன்சீற்றில் வைத்தார். லக்சிகா காருக்கு முன்னால் நின்றாள். அவள் பிள்ளையாரைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கூடாக என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது அப்படித்தான் பார்ப்பாள், அப்பா நிற்கிறார்தானே என்று.

திருகினேன். சுழன்றது. பிடிக்கவில்லை.

“தள்ளிப் பாப்பம்!” என்று நிருஷன் பின்னால் ஓடினான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினான். கச்சான்காரப் பெண்கள் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். பெற்றோல் போகாத காரை வவுனியாவரை தள்ளினாலும் பிடிக்காது. அவனுக்கு மூச்சு வாங்கியது. பின்கண்ணாடியில் அவனின் உள்ளங்கைகள் இரண்டும் வேர்வையில் பதிந்திருந்தன.

“விட்டிடு தம்பி,” என்றார் கனகலிங்கம். “முடிவு வந்திட்டுது.” அவர் நாணயத்தை எடுத்துச் சேட்டுப் பையில் போட்டார்.

லக்சிகா என் பக்கத்துக் கதவுக்கு வந்தாள்.

“அப்பா, இன்னும் ஒருக்காப் பாருங்கோ.”

மகள் ஒன்றைக் கேட்டு நான் மறுத்ததில்லை. இன்னும் ஒருமுறை திறப்பைத் திருகினேன். பொத்தான் இருந்தபடியே இருந்தது.

ராஜினி அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். எல்லோரும் போன பிறகு முழங்காலால் பொத்தானைத் தட்டினேன். முதல் திருகலிலேயே பிடித்தது. அவ்வளவு சுத்தமான சத்தம்.

நிருஷன் அதோடு விட்டுவிடவில்லை. தகப்பனை விட்டுவிட்டு வந்து, பதிவுத் திருமணம் செய்வோம் என்று லக்சிகாவிடம் கேட்டான். மறுத்தது அவள்தான். தன்னைக் கட்டினால் அவனுக்கு ஏதேனும் வந்துவிடும் என்று பயந்தாள். “பிள்ளையாரே மறிச்சது, நிருஷன். உங்களுக்கு ஒண்டு நடந்தால் நான் தாங்கமாட்டன்,” என்று அவள் முற்றத்தில் நின்று சொன்னது எனக்குக் கேட்டது. நான் காருக்குக் கீழே எண்ணெய் மாற்றிக்கொண்டு கிடந்தேன். எண்ணெய் வடிகிற நேரம் எழும்ப முடியாது. அவன் மன்னாருக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போனான். அங்கே கலியாணமும் முடித்துவிட்டானாம்.

கார் ஊரில் பெயரெடுத்துவிட்டது. ஒருவர் தன் மகளின் சம்பந்தத்தைக் காரிடம் கேட்டுச் சொல்லும்படி தட்டில் பழத்தோடு வந்தார். மூடநம்பிக்கைக்கு நான் துணைபோவதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

லக்சிகா இப்போது வெள்ளிக்கிழமைகளில் விரதம். கந்தோருக்குப் போகமுன் குளித்துவிட்டு வந்து, உறையை விலக்கி, பொனெற்றில் சந்தனப் பொட்டு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். என்ன குற்றம் செய்தேன் என்று கேட்கிறாளாக்கும், உதடு அசையும். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. போன கிழமை கிட்டப்போய்த் தோளில் கையை வைத்து, சந்தனம் காய்ந்தால் பெயின்ற்றைத் தின்றுவிடும் பிள்ளை என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். மகளிடம் எதையும் ஒளித்து எனக்குப் பழக்கமில்லை.