மூச்சு இருபது

— டமார்னு என்ன சத்தம் அது? கூரை இடிஞ்சு விழுந்துடுச்சா?

— இல்ல சிஸ்டர்... அதாவது... சார்ட் அட்டை. கை நழுவிடுச்சு.

— எத்தனை?

— பதினெட்டும்.

— பதினெட்டு தகர அட்டையையும் ஒரே அணைப்புல அள்ளிட்டு வர நீ என்ன சர்க்கஸ்லேருந்து வந்தியா? உள்ளே வயித்துல தையல் போட்டுப் படுத்திருக்கிற பதினெட்டுப் பேருக்கும் தூக்கிவாரிப் போட்டிருக்கும். பொறுக்கு, பொறுக்கு. கட்டில்ல தொங்க வேண்டியது எதுக்கு என் மேஜைக்கு வருது?

— அனுபவ நோட்டுல நான் எழுதினதைச் சரிபார்க்கலாம்னு, சிஸ்டர். நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி.

— அதானே பார்த்தேன். எங்க டைரியம்மா ஒரு நாள் சும்மா இருப்பாளா! எத்தனை மணிக்கு அந்த மனசாட்சி நோட்டைக் கொடுக்கணும்?

— நாலு மணிக்கு. நர்சிங் காலேஜ் டியூட்டர் மேடம் நேரா இங்கேயே வந்து வாங்கிக்கறேன்னாங்க. வார்டு சிஸ்டர் கையெழுத்து இல்லேன்னா ஹால் டிக்கெட் கிடையாது. திங்கக்கிழமை பரீட்சை. விட்டா அடுத்த வருஷம்தான்.

— ஹால் டிக்கெட் வேணும்னா நோட்டை நீட்டு. கண்ணை மூடிட்டுப் போட்டுத் தரேன். உன் வகுப்புல முப்பத்தோரு பேருக்குப் போட்டேன், ஒண்ணையும் படிக்கல.

— ஒண்ணுகூடவா?

— சும்மா புரட்டிப் பார்த்தேன். அதுவே போதும்னு ஆயிடுச்சு. இந்த மாசம் என் வார்டுல ஒரு உயிரும் போகல. உன் தோழிங்க நோட்டுல மட்டும் பதினாலு கிழவி செத்திருக்கு. பதினாலு பேரும் சாகறப்போ உங்க கையைத்தான் பிடிச்சிருக்காங்க. பெத்த பிள்ளைங்கள்லாம் அப்போ எங்கே போச்சுங்களோ!

— "நான் செய்த ஒரு தவறு"ன்னு ஒரு பக்கம் இருக்கும், அதையும் படிச்சீங்களா சிஸ்டர்?

— ஓ! "கை கழுவ மறந்தேன். உடனே நினைவு வந்தது. கழுவினேன். மனம் லேசானது." இதுக்கு எதுக்கு நோட்டு? சோப்புக்குப் பின்னாடி ஒட்டி வைக்கலாமே.

— நான் அப்படி எழுதல.

— நீ என்ன எழுதினே? கொடு. இப்போ படிக்கத் தோணுது. என் கண்ணாடி எங்கே? ... ம். "செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பதினெட்டு நோயாளிகளின் காய்ச்சல், நாடி, மூச்சு அளவுகளையும் இருபது நிமிடத்தில் எழுதி முடித்தேன். மூச்சை மட்டும் ஒருவருக்கு ஒரு நிமிடம் எண்ணியிருந்தாலே பதினெட்டு நிமிடம் ஆகியிருக்கும். நான் யாருடைய மூச்சையும் எண்ணவில்லை. பதினெட்டுப் பேருக்கும், நிமிடத்துக்கு இயல்பான இருபது என்று எழுதினேன்." அடிப்பாவி!

— அதாவது, சிஸ்டர்...

— இரு, போன் அடிக்குது. யாரு? ... நீங்களா! இப்போ என்ன? தலையணை சரியில்லையா, ஃபேன் சத்தமா? ... மூச்சு வாங்குதா? ஏன் வாங்காது, நேத்து வயித்தைக் கிழிச்சுக் குடலிறக்கத்தைத் தைச்சிருக்காங்க, பந்தயமா ஓடச் சொல்றாங்க? ... வாயுவா இருக்கும். பேசாம படுங்க. மேல் மாடி சிஸ்டர் இப்போதான் சொன்னா, எல்லாம் நார்மல்னு. ... சும்மா சும்மா போன் பண்ணாதீங்க, எனக்கு வேலை இருக்கு. வெச்சுடறேன்.

— உங்க வீட்டு சாருக்கு எப்படி இருக்கு, சிஸ்டர்?

— மகாராஜா கணக்கா இருக்காரு. ஊர் உலகத்துல யாருக்கும் நடக்காத ஆபரேஷன் அவருக்கு நடந்துடுச்சாம். மனுஷனுக்குத் தும்மல் வந்தாலே உயில் எழுதச் சொல்வாரு. நல்ல வேளை, மேல் மாடியில இருக்கிறது என் கையில வேலை பழகின பொண்ணு. அப்படியே என்னை மாதிரியே வேலை செய்வா. அதனால நான் நிம்மதியா இங்கே உக்காந்து உன் காவியத்தைப் படிக்கிறேன். எங்கே விட்டேன்?

— "இருபது என்று எழுதினேன்."

— ம். "எனக்கு முன்னால் காலை ஆறு மணிக்கு எழுதியவரும் பதினெட்டுப் பேருக்கும் இருபதுதான் எழுதியிருந்தார். முந்தைய நாள் மூன்று வேளையும் அப்படியே. நான் அதைப் பார்த்து எழுதினேன்." பொண்ணே, மூச்சு என்ன சட்டைப் பட்டனா, எண்ணி வைக்க? நான் சேர்ந்த புதுசுல என் சீனியர் சொல்லிக் கொடுத்தது ஒரே பாடம். செத்தவனுக்கு மட்டும் இருபது போடாதே, மத்தவங்க எல்லாருக்கும் போடு. இருபத்தாறு வருஷம் போட்டாச்சு. ஒரு பய கேட்டதில்ல.

— பதினொண்ணாம் கட்டில் டெய்லரம்மாவுக்கும் போட்டோம், சிஸ்டர்.

— அந்த அம்மா பிழைச்சுட்டாங்க இல்ல?

— ஐ.சி.யு.ல இருக்காங்க.

— அதான், பிழைச்சுட்டாங்க.

— மத்தியானம் பார்வையாளர் நேரத்துல அவங்க மக வந்து "அம்மாவுக்கு மூச்சு இளைக்குது"ன்னா. நான் போய் வாட்சை வெச்சு எண்ணினேன். முப்பத்தாறு. உதடு நீலம் பூத்திருந்தது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பதினோரு மணிக்கே அந்தக் கட்டில்கிட்ட நின்னாரு. சார்ட்டைப் பார்த்தாரு. இருபதுன்னு இருந்தது. அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு. அந்த இருபது என் கையெழுத்து.

— அந்த வாட்சைத்தான் நெஞ்சுல குத்திட்டு அலையறியா? செகண்ட் முள்ளு வெச்ச வாட்சு! எந்தக் காலத்துப் பொண்ணு நீ?

— அக்கா வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தாரு. காலேஜ் சேர்ந்த அன்னைக்கு.

— மாமாகிட்ட சொல்லு, அடுத்த தடவை வாய்ப்பூட்டு வாங்கித் தரச் சொல்லு. நாளைக்கு இன்ஸ்பெக்ஷன் டீம் வருது. இந்த நோட்டை அவங்க புரட்டினா உன் தப்பு மட்டுமா தெரியும்? ஆறு மணிக்கு எழுதினவ யாரு, முந்தின நாள் எழுதினவ யாரு, இதையெல்லாம் பார்த்துட்டு அடியில கையெழுத்துப் போட்ட மகராசி யாரு? எல்லாம் வரிசையா வரும். கடைசியில என் பேரு வரும்.

— நான் யார் பேரையும் எழுதல. என் தப்பை மட்டும்தான் எழுதினேன்.

— உன் தப்பு தனியா எங்கே நிக்குது? எங்க தப்பு மேலதானே ஏறி உக்காந்திருக்கு! கேளு, அது ஹீல்ஸ் சத்தம். உங்க மேடம் வந்தாச்சு. வாங்க மேடம், வாங்க. உங்க மாணவியோட கைவண்ணத்தைப் பாருங்க.

— வணக்கம் சிஸ்டர். என்னம்மா, இன்னும் ரெடியாகலையா? முப்பத்தோரு நோட்டு வந்தாச்சு, உன்னோடதுதான் பாக்கி. ஃபைல்ல ஒரு இடம் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?

— முடிச்சுட்டேன், மேடம். சிஸ்டர் கையில இருக்கு.

— எங்கே பார்ப்போம். நடந்தது என்ன, உணர்ந்தது என்ன, கற்றது என்ன... தலைப்பெல்லாம் கரெக்டா போட்டிருக்கே. மார்ஜின் கோணல். சரி, பரவாயில்ல. ... என்னம்மா இது? "உணர்ந்தது என்ன"ன்னு நான் நூத்தைம்பது வார்த்தை கேட்டேன். நீ "வெட்கம்"னு ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கே!

— அது ஒண்ணுதான் வந்தது, மேடம்.

— வெட்கத்தை நூத்தைம்பது வார்த்தைக்கு இழுத்தா சீரியல்தான் மேடம் ஆகும். நீங்க மார்ஜினை விடுங்க. மேல இருக்கிறதைப் படிங்க.

— படிக்கிறேன், படிக்கிறேன். ... இருபது... யாருடைய மூச்சையும்... ஐயையோ! என்னம்மா எழுதி வெச்சிருக்கே? இது நாளைக்கு மேஜையில விரிச்சு வைக்கப் போற நோட்டு!

— "தவறு"ன்னு தலைப்பு இருந்தது, மேடம்.

— இருந்தா? எல்லாரும் எழுதற மாதிரி ஒரு சின்னத் தவறா எழுதக் கூடாதா? திருத்திக்கற மாதிரி, யாருக்கும் வலிக்காத மாதிரி? போன வருஷம் ஒரு பொண்ணு நோயாளியோட பேரை ஒரு தடவை மாத்திக் கூப்பிட்டதை எவ்வளவு அழகா எழுதியிருந்தா தெரியுமா? படிச்சவங்க கண் கலங்கினாங்க.

— இந்த நோட்டுல உண்மையைத்தான் எழுதணும்னு முதல் நாள் நீங்கதான் மேடம் போர்டுல எழுதினீங்க.

— போர்டுல எழுதினதை அன்னைக்குச் சாயங்காலமே துடைச்சாச்சும்மா.

— கேட்டுக்கோ டைரி. உங்க காலேஜ்ல அதுதான் ஒழுங்கா நடக்குது, துடைக்கிறது.

— சிஸ்டர், நீங்களும் இப்போ குத்திக் காட்டாதீங்க. உங்க வார்டு சார்ட்டைத்தானே எழுதியிருக்கா? அது வெளியே வந்தா எனக்கு மட்டுமா சங்கடம்?

— அதனாலதான் மேடம் கையெழுத்துப் போடாம வெச்சிருக்கேன். நான் போட மாட்டேன். இந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் இந்தப் பேனா திறக்காது.

— பாரும்மா, நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். மெடிக்கல் வார்டுல வேற ஃபைலுக்கு ரெண்டு கையெழுத்து பாக்கி இருக்கு, போய் வாங்கிட்டு வரேன். கால் மணி நேரம். அதுக்குள்ள அந்தப் பக்கத்தை மாத்தி எழுதி வை. இல்லேன்னா திங்கக்கிழமை நீ வீட்டுல உக்காந்து எத்தனை மூச்சு வேணும்னாலும் எண்ணலாம். வரேன் சிஸ்டர்.

— போயிட்டு வாங்க மேடம். பார்த்துப் போங்க, தரை ஈரம். ... ஏன் இன்னும் நிக்கறே? உக்காரு. அழுதியா?

— இல்ல.

— மூக்கு சிவந்திருக்கு. அழறதுன்னா சீக்கிரம் அழுதுட்டு ஆரம்பி, கால் மணிதான் இருக்கு. முதல்ல அந்தத் தாளைக் கிழி.

— சிஸ்டர், நான் ஒண்ணு கேக்கலாமா?

— கிழிச்சுக்கிட்டே கேளு.

— டெய்லரம்மாவோட மக அன்னைக்கு வரலேன்னா? மழையா இருந்திருந்தா? பஸ் கிடைக்காம போயிருந்தா?

— வந்தா இல்ல? "இருந்திருந்தா", "போயிருந்தா"ன்னு நினைச்சா இந்த வேலையில ஒரு வாரம் தாங்க மாட்டே. கிழிச்சது தெரியாம ஓரமா கிழி. ... ஆங். கொடு, நான் பத்திரமா வெச்சுக்கறேன். கசக்கவே வேண்டாம், நாலா மடிச்சாச்சு, பாரு. இப்போ புதுத் தாள். நான் சொல்றேன், நீ எழுது. இருபத்தாறு வருஷ அனுபவம், உங்க மேடத்தை விட நல்லா வரும்.

— சொல்லுங்க.

— "அன்று மாலை நான் ஒரு முதிய நோயாளியின் படுக்கை அருகே சென்றேன்." எழுதினியா? "அவர் கண்களில் ஒரு ஏக்கம் தெரிந்தது."

— எந்தக் கட்டில்னு எழுதறது?

— ஏக்கத்துக்குக் கட்டில் நம்பர் எதுக்கு? "அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சற்றே தாமதித்தேன்." இதுதான் உன் தப்பு. சின்னதா, சுத்தமா, யாரையும் கடிக்காத தப்பு. "பிறகு அவர் என் கையைப் பற்றிக்கொண்டு..."

— சாகறாங்களா, சிஸ்டர்?

— நக்கலா? வேண்டாம், பதினாலு போதும். இவர் குணமாகி வீட்டுக்குப் போகட்டும். "என் கையைப் பற்றிக்கொண்டு, மகளே என்றார்." எழுது, எழுது. உன் கையெழுத்து நல்லாத்தான் இருக்கு, அதை வெச்சு எதுக்கு வம்பை விலைக்கு வாங்கறே? ... சே, இந்தப் போன்! மறுபடியும் அவராத்தான் இருக்கும். ... ஹலோ? ஓ, நீயாடி! என்ன, எங்க வீட்டு மகாராஜா ரொம்பப் படுத்தறாரா? ... எழுந்து உக்காந்துட்டாரா? படுக்கவே மாட்டேங்கறாரா? ... அட, வியர்வை ஊத்துறதுக்கு ஃபேனைத் திருப்பி விடு. அவருக்கு எல்லாமே கொஞ்சம் ஓவர்தான். ... தூங்கறதுக்கு ஊசியா? தேவைப்பட்டா போடலாம்னு டாக்டர் எழுதியிருக்காரா? போடு, தாராளமா போடு. அவரும் நிம்மதியா தூங்குவாரு, எனக்கும் போன் வராது. ... சார்ட்தான் நல்லா இருக்கே, அப்புறம் என்ன? சும்மா ஒரு தடவை படிச்சுச் சொல்லு. ... ம். ... பல்ஸ் எண்பது. சரி. மூச்சு? ... இருபது. காலையில? ... இருபது. நேத்து ராத்திரி? ... இருபது. ... பக்கத்துக் கட்டிலுக்கு? ... இல்லடி, சும்மாத்தான் கேக்கறேன். பக்கத்துக் கட்டிலுக்கு எவ்வளவுன்னு பாரு. ... அதுக்கும் இருபதா? அதுக்கடுத்த கட்டிலுக்கு?

— சிஸ்டர்? மகளேன்னு எழுதிட்டேன். அடுத்து என்ன?

— ஊசியைக் கீழே வைடி. வைன்னு சொல்றேன் இல்ல! டாக்டரைக் கூப்பிடு, இப்பவே.

— சிஸ்டர், என்ன ஆச்சு? ஏன் எழுந்துட்டீங்க?

— பேனாவை மூடு, பொண்ணே. அந்த வாட்சோட என்கூட மேல ஓடி வா, எனக்கு எண்ணத் தெரியாது.