அடியில ரெண்டு ஓட்டை

ஹலோ... ஹலோ, அம்புஜவல்லிம்மாவா? நான் சக்கரபாணிங்க. ஸ்கூல்ல ட்ராயிங் மாஸ்டர்... ஆமாங்க, அதே சக்கரபாணிதான். போன வருஷம் உங்க சூளைக்குள்ள வெடி வச்சவன்... வச்சிடாதீங்க, வச்சிடாதீங்க! ஒரே நிமிஷம்.

...ஆமாங்க. ஆமாங்க. நாப்பது அகல் விளக்கு போச்சு, மறக்கலீங்க... புள்ளைங்க மேல தப்பு இல்ல. யானைய உள்ள குடையாம கெட்டியா புடிச்சா சூட்டுல வெடிக்கும்னு எனக்கே தெரியாது. விருத்தாசலத்துல இருந்துகிட்டு மண்ணு தெரியாதவன் நான் ஒருத்தன்தான். நான் பெயிண்டு ஆளுங்க. மங்கலம்பேட்டைலேருந்து பெண்ணாடம் வரைக்கும் சுவத்துல மரம் வரைஞ்சவன். ஒரு மரமும் வெடிச்சதில்ல.

...இல்லீங்க, இந்த வருஷம் யானை இல்ல. எல்லாம் மனுஷங்க. அவங்கவங்க வூட்டு ஆளுங்கள செய்யச் சொன்னேன். முப்பத்தெட்டு உருப்படி. அடுத்த புதன்கிழமை சூளை அடுக்குறீங்களாமே, ஏதோ ஒரு மூலையில...

...அதுவும் சரிங்க. ...அதுவும் சரிதாங்க.

டேய் விமல்ராஜு, சாக்க நல்லா நனைச்சு மூடுடா, காஞ்சிடப் போவுது... உங்கள இல்லீங்க.

...க்ளாஸ்ல எங்கங்க, சைக்கிள் ஸ்டாண்டுல. சாப்பாட்டு நேரத்துலதான் நடக்குது நம்ம பல்கலைக்கழகம். ஒம்பதாவதோட ட்ராயிங் பீரியடதான் கணக்குக்குக் குடுத்தாச்சே. போன மாசம் பெத்தவங்க கூட்டத்துல தீர்மானம் போட்டாங்களே... யாரு போட்டாங்களா? நீங்கதாங்க மொதல் கையெழுத்து.

...சேச்சே, குத்திக் காட்டலீங்க. வாரத்துல மூணு அரை நாள் வர்ற ஆளு நான், யாரப் போய் குத்துறது? நீங்க சொன்னது ஞாபகம் இருக்குது. ‘நான் மண்ணுல கெடக்குறது போதும், எம் பொண்ணு வாசுகி அதுல கைய வைக்கக் கூடாது’ன்னீங்க. எனக்கே அழுகை வந்துடுச்சு. நானும் கை தட்டினேன்.

ஆனா பாருங்க, பதினெட்டாந்தேதி கண்காட்சி. பெரிய அதிகாரி வராங்க. காட்ட ஏதாவது இருந்தா பீரியட திருப்பித் தரேன்னு எச்.எம். சொல்லிட்டாங்க. இல்லேன்னா அதோட சரி. பச்ச மண்ண வச்சா தொட்ட எடத்துல உதிரும்...

...கெட்டியாத்தான் இருக்குது. ஆமாங்க, மறுபடியும். குடையச் சொன்னேன். எவ்வளவு குடையணும் சார்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. பாண்டியன்னு ஒருத்தன், வூட்டு ஆளுங்கள செய்யுடான்னா என்னைச் செஞ்சு வச்சிருக்கான், நாற்காலியில தூங்குற மாதிரி. தலை பூரா களிமண்ணு. உள்ளது உள்ளபடி.

சிரிச்சீங்களா?... இருமலா. சரி சரி.

...ஒண்ணே ஒண்ணுதாங்க தேறும். அது வெடிக்காது. அழகா குடைஞ்சு, சுத்திலும் ஒரே கனமா... நான் சொல்லித் தரலீங்க, சத்தியமா. காத்து போவ அடியில ஈர்க்குச்சியால ஓட்டை கூட குத்தியிருக்குது... ஒண்ணு இல்லீங்க, ரெண்டு. பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு நேரா, ஒண்ணு சாஞ்சாப்ல.

ஹலோ?

ஹலோ... லைன்ல இருக்கீங்களாம்மா?

...யாரு செஞ்சதுன்னு சொல்லக் கூடாதுங்க. வாக்கு குடுத்துட்டேன்... என்னது? உங்க வூட்டுல மட்டுந்தான் அப்படி குத்துவீங்களா?... அய்யய்யோ.

திட்டாதீங்கம்மா. கணக்குல தொண்ணூத்தொண்ணு எடுத்திருக்கா, கொளஞ்சிநாதன் சாரையே கேளுங்க, கணக்கு எடுக்கிறவரு அவருதான. சோத்த பத்தே வாயில முழுங்கிட்டு ஓடியாரா. வேல முடிஞ்சதும் நீங்க பாத்துடக் கூடாதுன்னு நகத்துல ஒரு பொட்டு மண்ணு இல்லாம சுரண்டிக் கழுவறா. இப்பக்கூட அதோ, குழாயடிக்குத்தான் போவுறா. பாக்கவே ஒரு மாதிரி இருக்குதுங்க எனக்கு.

...என்ன செஞ்சிருக்காளா?

உங்களத்தாங்க. குந்திக்கிட்டு இருக்கீங்க. முந்தானைய இடுப்புல சொருவி, பொம்மைக்குக் கண்ணு வைக்கிறீங்க. நாக்கு நுனி வெளிய துருத்திக்கிட்டு இருக்குது... அப்படியா செய்வீங்க? உங்களுக்கே தெரியாதா? அவளுக்குத் தெரிஞ்சிருக்குது.

...

...இல்லீங்க, அவசரமில்ல. இருக்கேன்.

...ம்.

...மீதி முப்பத்தேழையும் குடைஞ்சு தர்றீங்களா? நீங்களேவா?... ஈரம் இருக்குதுங்க, கம்பியால அறுக்கலாம்... என் தலையும்தான், தாராளமா. ...சாப்பாட்டு நேரம் பத்தாதா? முழு பீரியடு வேணுமா?

அங்கதாங்க சிக்கல். இன்னிக்கு ஏழாவது பீரியடு கணக்கு. நான் கேட்டா குடுக்க மாட்டாரு. தீர்மானத்த எடுத்துக் காட்டுவாரு... நீங்க வந்து கேட்டா வேற. மொதல் கையெழுத்துக்கு ஒரு மருவாத இருக்குதுல்ல...

...இப்பவேவா? ஏங்க, நான் ஒண்ணும் சொல்லலன்னு மட்டும் வாசுகிகிட்ட... ஹலோ? ஹலோ?

வச்சிட்டாங்க.

...வாசுகி! ஏ வாசுகி! கைய கழுவாத. இரு.